நூலைப் போலச் சேலை

“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பெண் பார்க்கச் செல்லும் பெரியோர் பெண்ணைப் பார்க்குமுன் அவளுடைய தாயைப் பார்த்து மதிப்பிடுவதும் இப்பழமொழியின் பாற்பட்டதே. நூல் நன்றாயின் சேலை நன்றாகும். நூல் இற்றிருப்பின் சேலையும் இற்றுப்போகும். இக்கூற்றிலே ஒரு பேருண்மை உண்டு. ஒரு பெரும் பிழையும் உண்டு. உண்மை எது, பிழை எது என்பதைச் சென்ற நூற்றாண்டின் அறிவியல் ஐயந்திரிபறக் காட்டிவிட்டது. அதனை அறிந்திருத்தல் மாணவர்க்கு மட்டுமன்றி, மணவயதுப் பிள்ளைகளையுடைய பெற்றோர்க்கும் இன்றியமையாதது என்பது நமது கருத்து. ஆதலின் இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

நூல் என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. நெய்வதற்குரிய இழையும் நூல். கற்பதற்குரிய ஏடும் நூல். நமது உடற்கலங்களினுள்ளே இருக்கும் டீ.என்.ஏ. என்னும் பொருளுக்கு இவ்விரு கருத்தும் ஒருங்கே பொருந்துகின்றன. வடிவத்தால் அஃது இழை. பயனால் அஃது ஏடு.

நான்கே எழுத்துகள்

கலத்தின் நடுவே கரு என்னும் சிறு பை உண்டு. அதனுள் 46 நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. அவற்றுள் 23 தாய் தந்தவை. 23 தந்தை தந்தவை. இவற்றில் அடங்கிய டீ.என்.ஏ. இழைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்து நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர் நீளம் வரும். இதனைத் தன்னுள் அடக்கிவைத்திருக்கும் கருவோ ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கிலும் சிறியது.

இவ்விழையின் அமைப்பு 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆந் திகதி ‘நேச்சர்’ என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் வெளியாயிற்று. வெளியிட்டோர் கேம்பிறிட்ஜ் ஆய்வாளர்களாகிய வாற்சனும் கிறிக்கும். அவர்களுடைய முடிபுக்கு உறுதுணையாக நின்றவை றொசலின்ட் பிராங்கிளின் என்ற பெண்மணியின் ஆய்வுகூடத்திற் பெறப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படங்கள். அவ்வம்மையார் 1958இல் தமது 37ஆம் வயதிலேயே காலமானார். 1962இல் நோபல் பரிசு வாற்சன், கிறிக், வில்கின்ஸ் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டபோது அவர் உயிரோடில்லை.

முறுக்கிய நூலேணி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இருபுறக் கயிறுகளே டீ.என்.ஏ.யின் இரு இழைகள். நடுவிலுள்ள படிகள் நான்கு வகைப் பொருள்களால் ஆனவை. அவை அடெனின், தைமின், குவானின், சைற்றோசின் என்பன. இவற்றை முறையே அ, தை, கு, சை எனச் சுருக்கி எழுதுவோம். ஓர் இழையில் ‘அ’ நின்றால் அதற்கு எதிரே மற்ற இழையில் ‘தை’ நிற்கும். ‘கு’ நின்றால் எதிரே ‘சை’ நிற்கும். ஆகவே ஓரிழை கைவசம் இருந்தால் மற்ற இழையைப் பிழையின்றி எழுதிவிடலாம். கலம் இரண்டாகப் பிரியும்போது ஏடும் இரண்டாவது இவ்வாறே.

தமிழுக்கு எழுத்து 247. இவ்வேட்டுக்கோ நான்கே எழுத்து. ஆயினும் தாய் தந்த தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளும், தந்தை தந்த தொகுதியில் ஏறத்தாழ அத்தனையும் உள. இவற்றினிடையே புரதங்களை ஆக்கும் விதிகளைக் கூறும் பகுதிகள் ஏறத்தாழ 20,000. அப்பகுதி ஒவ்வொன்றும் ஒரு பரம்பரையலகு எனப்படும்.

பிரதியும் தறியும்

ஏடு எழுதப்பட்ட அளவில் எதுவும் நிகழ்ந்துவிடுவதில்லை; படிப்பார் வேண்டும். நமது முன்னோர் மூலச் சுவடியைப் பெட்டியினுள் வைத்துப் பூட்டி, வேண்டியபோது வேண்டிய பகுதிக்கு மட்டும் பிரதி எடுப்பர். கலமும் அதனையே செய்கிறது. மூல ஏடு கருவை விட்டு வெளியே வருவதில்லை. தேவையான பரம்பரையலகுக்கு மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் பொருளினால் ஒரு பிரதி எடுக்கப்படுகிறது. பிரதியில் ‘தை’ என்னும் எழுத்துக்குப் பதிலாக யுராசில் என்பது வரும். அதனை ‘யு’ எனக் கொள்வோம். ஏனைய மூன்றும் அவையே.

இப்பிரதி அவ்வாறே பயன்படுவதில்லை. மூலத்தில் இடையிடையே புரதத்துக்கு வேண்டாத நீண்ட பகுதிகள் உள. ஏட்டுச்சுவடிகளை ஆராய்வோர் ‘இடைச்செருகல்’ என்று சொல்வார்களே, அதனை ஒத்தவை இவை. கலம் இவ்விடைச்செருகல்களை வெட்டி எறிந்து, வேண்டும் பகுதிகளை ஒட்டி, செம்மையான பிரதியைக் கருவுக்கு வெளியே அனுப்புகிறது. ஓர் இடைச்செருகல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் அடையாளமும் அந்நான்கு எழுத்துகளினாலேயே எழுதப்பட்டிருக்கிறது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் வேண்டப்படும்.

வெளியே வந்த பிரதி இறைபோசோம் என்னும் நுண்ணிய தறியைச் சேர்கிறது. அங்கே நெய்யப்படுவதே புரதம். நமது பழமொழியிலே வரும் சேலை இதுதான். தசையும், குருதியில் ஒட்சிசனைக் காவும் பொருளும், உணவைச் செரிக்கச் செய்யும் நொதியங்களும் எல்லாம் புரதங்களே. இப்புரதங்கள் அமினோ அமிலம் என்னும் 20 வகை மணிகளைக் கோத்த சங்கிலிகள். எந்த மணிக்குப் பின் எந்த மணி என்பதைப் பிரதி சொல்ல, தறி கோக்கிறது.

நான்கு எழுத்தினால் 20 மணிகளைக் குறிப்பது எங்ஙனம்? ஓரெழுத்துச் சொல்லாயின் நான்குதான் தேறும், ஈரெழுத்தாயின் பதினாறு, மூவெழுத்தாயின் 64. ஆகவே மூவெழுத்துச் சொற்களாலேயே இவ்வேடு எழுதப்பட்டிருக்கிறது. இச்சொற்களில் முதலாவதன் பொருள் 1961இல் விளங்கிற்று. அமெரிக்காவில் நிறென்பேர்க், மத்தேயி என்னும் இருவர் ‘யு’ என்னும் எழுத்தே தொடர்ந்து வரும் பிரதியொன்றைச் சோதனைக் குழாயில் இட்டபோது, பீனைலலனீன் என்ற ஒரே மணி கோத்த சங்கிலி கிடைத்தது. ‘யு–யு–யு’ என்றால் பீனைலலனீன் எனத் தெரிந்தது. 1966 அளவில் அகராதி முழுவதும் நிரம்பிற்று. அவ்வகராதியை நிரப்பியவர்களுள் முதன்மையான ஒருவர் ஹர்கோபிந்த் கொரானா. எழுத்தறிவு அரிதாயிருந்த பஞ்சாபியச் சிற்றூர் ஒன்றில் 1922இற் பிறந்தவர் உயிர்களின் எழுத்தையே வாசித்து 1968இல் நோபல் பரிசில் பங்குபெற்றமை எண்ணி இன்புறத்தக்கது. தறியாகிய இறைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் கண்டமைக்கு 2009இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவர் 1952இல் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன்.

அறுபத்துநான்கு சொற்களுள் மூன்று, முற்றுப்புள்ளி போன்றவை. ‘இவ்விடத்தில் நிறுத்துக’ என்பன. எஞ்சிய 61 சொற்களும் 20 மணிகளைக் குறிப்பன. நிகண்டிலே ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருத்தல் போல, ஒரு மணிக்குப் பல சொற்கள் இருப்பதுண்டு.

மரம் பழம் தரும்

இனி, எழுத்துப் பிழை நேர்ந்தால் என்னாகும்? “மரம் பழம் தரும்” என்பதை எடுத்துக்கொள்வோம். மூன்றும் மூவெழுத்துச் சொற்கள். ‘ழ’ இருக்குமிடத்தில் ‘ண’ வந்தால் “மரம் பணம் தரும்” என்றாகும். கருத்து மாறிற்று, ஆனால் பெருங்கேடில்லை. அதே இடத்தில் ‘ய’ வந்தால் “மரம் பயம் தரும்” என்றாகும். கருத்துக் கெட்டது. ஓரெழுத்து மாறாது விழுந்தே போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். ‘ர’ விழுந்தபின் மும்மூன்றாக வாசித்தால் “மம்ப ழம்த ரும்” என்றாகும். தறி கண்ணை மூடிக்கொண்டு மும்மூன்றாக வாசிப்பதேயாதலின் பிழை நேர்ந்த இடத்திலிருந்து யாவும் குழம்பும்.

ஏட்டுச்சுவடிகளிலே பாடபேதம் இல்லாத சுவடி இல்லை. நம் ஒவ்வொருவருடைய ஏட்டிலும் அவ்வாறே பல இலட்சம் பாடபேதங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஒருவர் நெடியர், ஒருவர் குறியர் என்னும் வேறுபாடுகளுக்கு இவையும் காரணம். ஆயினும் ஒரு சில, உயிருக்கே உலை வைப்பன. அவற்றை விளக்க ஈமோகுளோபினைப் போல் நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை.

குருதிக்குச் சிவப்பு நிறம் தருவதும், சுவாசப்பையில் ஒட்சிசனை ஏற்று உடலெங்கும் கொண்டுசெல்வதும் ஈமோகுளோபின் என்னும் புரதமே. அதில் இரண்டு அல்பாச் சங்கிலிகளும் இரண்டு பீற்றாச் சங்கிலிகளும் உள. அல்பாவில் 141 மணிகள். பீற்றாவில் 146 மணிகள். ஒரு செங்குருதிக் கலத்தினுள் ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. அக்கலத்தின் ஆயுள் 120 நாள். ஆதலின் நமது என்பு மச்சை செக்கனுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் புதிய செங்கலங்களை ஆக்கியவண்ணமிருக்கிறது. செங்கலம் முதிரும்போது தன் கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. சுவடிப் பெட்டியை எறிந்துவிட்ட பின்னரும், கையிலுள்ள பிரதிகளை வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு நாள் தறி ஓடும், அதன்பின் நிற்கும். அதற்குள் கலம் நிறைய ஈமோகுளோபின் நெய்யப்பட்டாக வேண்டும்.

பீற்றாச் சங்கிலியின் ஆறாவது மணியைக் குறிக்கும் சொல் ‘கு–அ–கு’. அதன் பொருள் குளூற்றாமிக் அமிலம். இதன் நடுவெழுத்து மாறி ‘கு–தை–கு’ என்றானால் பொருள் வலின் என்றாகும். 146 மணிகளுள் ஒரு மணியே மாறுகிறது. ஆனால் தாய் தந்த ஏடு, தந்தை தந்த ஏடு ஆகிய இரண்டிலும் இப்பிழை இருக்குமாயின், ஒட்சிசன் குறைந்த வேளையில் ஈமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கோல்களாகின்றன. வட்டமாயிருந்த செங்கலம் கதிரரிவாள் போல வளைந்து நுண்ணிய குருதிக் குழாய்களை அடைக்கிறது. தாங்கொணா வலியும் இரத்தசோகையும் உண்டாகின்றன. ஆபிரிக்க மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் அரிவாட்கல நோய் இதுவே. 1949இல் லைனஸ் போலிங்கும் கூட்டாளிகளும் இது மூலக்கூறு ஒன்றின் நோய் என்றனர். மாறிய மணி எதுவென்பதை அடுத்த சில ஆண்டுகளில் வேர்னன் இன்கிறாம் காட்டினார். ஒரு நோயின் வேர் ஒரு மணியளவுக்கு நுணுக்கமாகக் காணப்பட்டது வரலாற்றில் அதுவே முதன்முறை.

நம் நாட்டுக்குரிய பிழை

இலங்கையில் வாழும் நமக்கு அரிவாட்கல நோயினும் அணுக்கமானது தலசீமியா. 1925இல் அமெரிக்க மருத்துவர் தோமஸ் கூலி விவரித்த நோய் இது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாட்டவரிடம் மிகுதியெனக் கண்டமையின், கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினடியாக இப்பெயர் வைத்தனர். பின்னரே தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் அது பரவலாக இருப்பது தெளிவாயிற்று.

பீற்றாத் தலசீமியாவில் பீற்றாச் சங்கிலியின் மணி மாறுவதன்று பெரும்பாலும் கேடு. சங்கிலியே போதிய அளவு நெய்யப்படாமையே கேடு. இலங்கையிலும் இந்தியாவிலும் பரவலாகக் காணப்படும் பிழையொன்றைச் சொல்கிறோம். மேலே இடைச்செருகலின் தொடக்கத்தைக் காட்டும் அடையாளம் ஒன்று உண்டென்றோமன்றோ? பீற்றாப் பரம்பரையலகின் முதலாவது இடைச்செருகலில், ஐந்தாவது எழுத்தாக நிற்கவேண்டிய ‘கு’ இப்பிழையில் ‘சை’ ஆகிவிடுகிறது. அவ்வெழுத்து எந்த மணியையும் குறிப்பதன்று. ஆயினும் எங்கே வெட்டுவது என்ற அடையாளம் மங்கிவிடுவதால், பிரதியைச் செப்பஞ் செய்யும் இயந்திரம் தவறான இடங்களில் வெட்டுகிறது. செம்மையான பிரதி மிக அருகியே கிடைக்கிறது. பிரதியில்லாத தறி என்ன நெய்யும்?

ஈமோகுளோபின் ஈ என்னும் வேறொரு வகையும் நம் நாட்டில் உண்டு. பீற்றாச் சங்கிலியின் இருபத்தாறாவது சொல்லாகிய ‘கு–அ–கு’ என்பது ‘அ–அ–கு’ என்றாவதால் வருவது இது. தனித்து நின்றால் இது பெருந்தீங்கு செய்வதில்லை. ஆனால் ஒரு பெற்றோர் இதனையும், மற்றவர் தலசீமியாப் பிழையையும் தந்தால் பிள்ளைக்கு நோய் வரும். அது சிலரிடம் இலேசாகவும் சிலரிடம் கடுமையாகவும் இருக்கும்.

நோய் வரும் விதத்தைக் கவனியுங்கள். கருவிலிருக்கும் சிசுவின் ஈமோகுளோபினில் பீற்றாவுக்குப் பதிலாகக் காமாச் சங்கிலி உள்ளது. ஆகவே குழந்தை பிறக்கும்போது நலமாகவே பிறக்கிறது, பெற்றோர் மகிழ்கின்றனர். சில மாதங்களில் காமா ஓய்ந்து, பீற்றா தொழிலை ஏற்கவேண்டிய வேளை வருகிறது. ஏற்க ஆளில்லை. இணையில்லாத அல்பாச் சங்கிலிகள் திரண்டு, பிறக்குமுன்னரே செங்கலங்களை மச்சையினுள் அழிக்கின்றன. குழந்தை வெளிறுகிறது, பால் குடிக்க மறுக்கிறது, வளர்ச்சி குன்றுகிறது, மண்ணீரல் பருக்கிறது. பற்றாக்குறையை ஈடுசெய்ய மச்சை பெருகுதலால் முகத்து என்புகளும் திரிகின்றன.

கடும் தலசீமியா உள்ள பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கொருமுறை பிறர் இரத்தம் ஏற்றப்பட வேண்டும். அது வாழ்நாள் முழுவதற்கும். ஒரு பை இரத்தத்துடன் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலுட் செல்கிறது. மிகையான இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. அஃது இருதயத்திலும் ஈரலிலும் தங்கிக் கொல்லும். அதனை அகற்றும் மருந்தை வயிற்றுத் தோலின் கீழ் ஊசி செருகி, இரவில் எட்டுப் பத்து மணிநேரம் சிறு பம்பி மூலம் செலுத்துவதே நெடுங்காலமாக இருந்த வழி. இந்நூற்றாண்டில் வாய்வழி மருந்துகளும் வந்துள்ளன. குருநாகல், அனுராதபுரம், இராகமை முதலிய இடங்களிலுள்ள தலசீமியா நிலையங்களில் இச்சிகிச்சை இலவசமாக அளிக்கப்படுகிறது. பணம் அரசாங்கத்தினது, ஆனால் பள்ளிக்கூடத்தைத் தவறவிட்டு மாதந்தோறும் கட்டிலிற் கிடக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவள் தாயல்லவா?

நோய்க்கு அறுதியான மருந்து உண்டோ எனில், உண்டு. பொருந்தும் சகோதரர் கிடைத்தால் மச்சை மாற்றலாம். 2023 நவம்பரில், ஏட்டையே திருத்தும் முறையிலமைந்த சிகிச்சை ஒன்றுக்குப் பிரித்தானியா உலகில் முதன்முதலாக அனுமதி வழங்கிற்று. அது பிழையெழுத்தைத் திருத்துவதன்று. ஓய்ந்துபோன காமாச் சங்கிலியை மீண்டும் தொழிலுக்கு அழைப்பது. நுண்ணிய அறிவின் வெற்றி அது. ஆனால் அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். நமக்கு அது தொலைவிலுள்ள விளக்கு.

காவி என்பவர் யார்?

இரு ஏடுகளுள் ஒன்றில் மட்டும் பிழை இருப்பவர் காவி எனப்படுவர். ஓர் ஏடு பிழைபட்டாலும் மற்ற ஏட்டைக்கொண்டு தறி ஓடுவதால் காவிகள் நலமாகவே இருப்பர், உழைப்பர், முதுமை எய்துவர். தாம் காவி என்பதை அறியாமலேயே பெரும்பாலோர் வாழ்ந்து முடிப்பர். 2000ஆம் ஆண்டில் ‘லான்செற்’ மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றின்படி இலங்கையில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் பீற்றாத் தலசீமியாக் காவிகள்.

இத்துணைக் கேடான பிழை இத்துணைப் பேரிடம் நிலைத்திருப்பது ஏன்? 1949இல் ஹால்டேன் என்னும் அறிஞர் இதற்கு விடை ஊகித்தார். காவிகளை மலேரியா எளிதிற் கொல்வதில்லை என்பதே அது; பின்வந்த ஆய்வுகள் அதனை வலியுறுத்தின. இலங்கையில் 1934–35இல் வந்த மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தனர். அத்தகைய கொடுநோய்கள் வந்துபோன பல நூற்றாண்டுகளில், பிழையான ஏட்டை உடையோர் சற்று அதிகமாகப் பிழைத்தனர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பகைவன் போய்விட்டான்; கேடயத்தின் சுமை மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆகவே காவியாயிருத்தல் பழியுமன்று, பாவத்தின் பயனுமன்று. நம் முன்னோரைக் காத்த கவசத்தின் எச்சம்.

இரு காவிகள் மணந்துகொண்டால்தான் இடர். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் தன் இரு ஏடுகளில் ஒன்றையும், தந்தை தன் இரு ஏடுகளில் ஒன்றையும் தருகின்றனர். இரண்டும் பிழையேடாய் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. பிள்ளை காவியாக நான்கில் இரண்டு. பிழையே இல்லாதிருக்க நான்கில் ஒன்று. இதனைத் தவறாக விளங்கிக்கொள்வோர் பலர். “மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூவருக்கு வராது” என்பர். அவ்வாறன்று. ஒவ்வொரு பிறப்பும் புதிதாக நாணயம் சுண்டுவது போன்றது. முன் விழுந்த பக்கத்தை நாணயம் நினைவில் வைத்திருப்பதில்லை. ஒருவர் மட்டுமே காவியாயின் எப்பிள்ளைக்கும் இந்நோய் வராது. ஆயினும், மற்றவர் நூறிலிருவருள் ஒருவரல்லர் என்பதையும், ஈமோகுளோபின் ஈ உடையவரல்லர் என்பதையும் சோதித்தே அறியவேண்டும்.

நம் சமூகத்திலே மச்சான், மச்சாள் முறையில் மணஞ் செய்வது வழக்கம். உறவில்லாத இருவரை எடுத்தால், இருவரும் காவிகளாயிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2,500இல் ஒன்று. ஆனால் மச்சானுக்கும் மச்சாளுக்கும் பொதுவான பாட்டனோ பாட்டியோ காவியாயிருந்தால், அவ்வழியால் மட்டுமே இருவரும் காவிகளாயிருக்கும் வாய்ப்பு 16இல் ஒன்றாகிவிடுகிறது. உறவு விட்டுப்போகக்கூடாது என்று விரும்பும் குடும்பங்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். நாம் அவ்வழக்கத்தைப் பழிக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு செய்யுங்கள் என்கிறோம்.

எந்தப் பொருத்தம்?

சைப்பிரசுத் தீவில் ஏழு பேரில் ஒருவர் காவி. அங்கே 1983 முதல், மணமக்கள் இச்சோதனையைச் செய்துகொண்டதற்கான சான்றிதழைத் திருச்சபை கேட்கலாயிற்று. சான்றிதழ் மணத்தைத் தடுப்பதன்று. அறிந்து செய்க என்பதற்கே. இரு காவிகளாயிருந்தும் பெரும்பாலோர் மணந்தே கொண்டனர். பின் கருவிலேயே சோதித்து, நோயுள்ள கருவைக் கலைத்துக்கொண்டனர். அங்கே புதிதாக இந்நோயுடன் பிறக்கும் பிள்ளைகள் அரிதாயினர். நமது நாட்டுச் சட்டமோ தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. அது சரியோ தவறோ என்பது வேறு விவாதம். அவ்வழி இல்லாதபோது நமக்கு எஞ்சியிருப்பது ஒன்றே: மணப்பேச்சுக்கு முன் அறிதல்.

அறிவதற்குப் பெருஞ்செலவில்லை. சாதாரண முழுக் குருதிப் பரிசோதனையிலேயே செங்கலங்கள் சிறியனவாகவும் வெளிறியனவாகவும் காணப்பட்டால் மருத்துவர் ஐயுறுவர். இரும்புக் குறைபாட்டிலும் அவ்வாறே காணப்படுமாதலின், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தளக்கும் அடுத்த சோதனையால் உறுதி செய்வர். ஈமோகுளோபின் ஈ உடையவரையும் இவ்வடுத்த சோதனையே தெளிவாகக் காட்டும். ஆகவே இதனையும் கேட்டுச் செய்துகொள்ளல் நன்று. வாழ்நாளில் ஒருமுறை செய்தாற் போதும், ஏடு மாறுவதில்லை.

ஆனால் எப்போது செய்வது என்பதிலேதான் அறிவு வேண்டும். நாள் குறித்து, தாலிக்குப் பொன்னுருக்கி, அழைப்பிதழும் அச்சிட்ட பின்பு சோதித்தால் அது சோதனையன்று, வேதனை. பெண்ணுக்கு மட்டும் சோதித்து மாப்பிள்ளையை விட்டுவிடுவதும் அநீதி, அதனாற் பயனுமில்லை. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து வீட்டிலிருக்கும் காலத்தில், ஆணாயினும் பெண்ணாயினும் பிள்ளைகள் இச்சோதனையைச் செய்துகொள்ளட்டும். முடிவைச் சாதகக் குறிப்போடு சேர்த்து வைக்கட்டும். தரகர் வரும்போது குறிப்போடு அதுவும் செல்லட்டும். நட்சத்திரப் பொருத்தம் பார்ப்பவர் பார்க்கட்டும். அதனோடு இதனையும் பார்த்தால் எந்தச் சாத்திரத்துக்கும் குறைவில்லை. காவியான பெண்ணைக் காவியல்லாத ஆடவனும், காவியான ஆடவனைக் காவியல்லாத பெண்ணும் மனநிறைவோடு மணக்கலாம். “குருதியிற் குறையுள்ளவள்” என்று ஒரு பெண்ணை ஒதுக்குவோர், சோதித்துப் பார்த்தால் தம் வீட்டிலும் ஒரு காவியைக் காணக்கூடும்.

இனிப் பழமொழிக்கு வருவோம். ‘நூலைப் போலச் சேலை’ என்பது உண்மை. எழுத்துக்கு எழுத்து உண்மை. ‘தாயைப் போலப் பிள்ளை’ என்பதோ பாதியே உண்மை. சேலைக்குத் தாய் தருவது பாவு நூலாயின் தந்தை தருவது ஊடு நூல். நிறமூர்த்தம் 23 இவளுடையது, 23 அவனுடையது. நோயுற்ற பிள்ளையைப் பெற்றாள் என்று மருமகளை நோகடிக்கும் மாமியார், அப்பிழையின் சரிபாதி தம் மகனிடமிருந்தே வந்ததென்பதையும், மகனுக்கு அது தம்மிடமிருந்தோ தம் கணவரிடமிருந்தோ வந்திருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தலசீமியா நிலையத்தின் வாங்கிலே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாயின் மீது பழி சுமத்த அறிவியலில் ஓரெழுத்தும் இடந்தரவில்லை.